நார்தர்ன் எக்ஸ்போஷர் இசை ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் தொடர்? எந்த ஆல்பம்?

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1990 ஜூலை 12 முதல் 1995 ஜூலை 26 வரை ஓடிய தொடர் ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’. ஆறு சீசன், 110 அத்தியாயம். உருவாக்கியவர்கள் ஜாஷுவா பிராண்டும் ஜான் ஃபால்ஸியும். நியூயார்க்கைவிட்டு வெளியே வாழவே தெரியாத இளம் டாக்டர் ஜோயல் ஃப்ளைஷ்மன். அவருடைய படிப்புச் செலவை அலாஸ்கா மாநிலம் ஏற்றிருந்தது. அந்தக் கடனைக் கழிக்க சிஸ்லி என்ற கற்பனைக் குக்கிராமத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார். சிரிக்கவும் வைக்கும், திடீரென்று தத்துவமும் பேசும். 1992இல் இதற்குக் கிடைத்த எம்மி விருது ‘சிறந்த டிராமா தொடர்’ என்ற பிரிவில்தான். எந்தப் பெட்டியிலும் அடங்காத நகைச்சுவை என்பதற்கு அதுவே சான்று.

இங்கே பேசப்படுவது 1992இல் எம்சிஏ ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம். மொத்தம் 12 டிராக். 1994இல் வந்த இரண்டாம் ஆல்பம் பற்றித் தனிக் கேள்வி கீழே உண்டு.

ஒரு தொடரின் ஆல்பத்தில் இவ்வளவு சம்பந்தமில்லாத பாட்டுகள் எப்படிச் சேர்ந்தன?

சம்பந்தம் இருக்கிறது. அது சிஸ்லியின் ரேடியோ நிலையம். கேபிஹெச்ஆர் என்ற அந்தச் சின்ன நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் (நடித்தவர் ஜான் கார்பெட்). முன்பு ஜெயிலுக்குப் போனவர், நிறையப் படிப்பவர். மைக் முன்னால் உட்கார்ந்து கவிதை வாசிப்பார், உளவியலாளர் யுங் பற்றிப் பேசுவார், பிறகு மனத்துக்குத் தோன்றிய தட்டைச் சுழலவிடுவார். ஊரில் இருப்பது ஒரே நிலையம். அதனால் கடையிலும் கிளினிக்கிலும் சமையலறையிலும் ஓடுவது அவர் போடும் பாட்டுதான். பாட்டு நுழையும் இரண்டாவது வாசல் ‘த பிரிக்’ என்ற மதுக்கடையின் ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி.

ஆக, தொடரில் வரும் பாட்டுகளில் பெரும்பகுதி கதாபாத்திரங்களின் காதிலும் விழுகிற பாட்டு. மேலே பூசிய பின்னணி இசை இல்லை. இரண்டாவது அத்தியாயத்திலேயே இது கதையாகிறது. கிறிஸ் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றிப் பேசியது பிடிக்காமல், நிலையத்தின் சொந்தக்காரரான முன்னாள் விண்வெளி வீரர் மாரிஸ் அவரைத் துரத்திவிட்டுத் தானே மைக்கைப் பிடித்து, தனக்குப் பிடித்த பிராட்வே நாடகப் பாட்டுகளாகப் போடுகிறார். ஊருக்கே பொறுக்கவில்லை. பாட்டு மாறினால் ஊர் மாறிவிடுகிறது என்பதைத் தொடர் அவ்வளவு சீக்கிரமே சொல்லிவிட்டது.

அந்த ரேடியோவின் ஒரு மணி நேரமாக இந்த ஆல்பத்தைக் கேட்டால் எல்லாம் பொருந்தும். ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பாகக் கேட்டால் கலவரமாகத்தான் இருக்கும்.

12 டிராக் எவை? வரிசைப்படி சொல்ல முடியுமா?

1. டைட்டில் இசை – டேவிட் ஷ்வார்ட்ஸ்
2. ஜொலி லூயிஸ் – டேனியல் லான்வா
3. ஹிப் ஹக்-ஹர் – புக்கர் டி அண்ட் த எம்ஜீஸ்
4. அட் லாஸ்ட் – எட்டா ஜேம்ஸ்
5. எவ்ரிபடி பி யோசெல்ஃப் – ஷிக் ஸ்ட்ரீட் மேன்
6. அலாஸ்கன் நைட்ஸ் – டேவிட் ஷ்வார்ட்ஸ்
7. டான் கிஷோத் – மேகஸின் 60
8. வென் ஐ குரோ டூ ஓல்ட் டு ட்ரீம் – நாட் கிங் கோல்
9. எமபாசேனி – மிரியம் மகேபா
10. கிம்மீ த்ரீ ஸ்டெப்ஸ் – லினர்ட் ஸ்கினர்ட்
11. பைலேரோ – ஃப்ரெடெரிகா வான் ஸ்டாட்
12. மூன்று சிறு இசைத்துண்டுகளின் கோவை – டேவிட் ஷ்வார்ட்ஸ்

ஒவ்வொரு பாட்டிலும் என்ன கவனிக்க வேண்டும்?

டைட்டில் இசையில் முன்னால் நிற்பது மௌத் ஆர்கன். அலாஸ்கா என்றதும் பனியும் வயலினும் எதிர்பார்ப்பவர்களுக்கு, வெப்ப நாட்டுத் தாளத்தில் ஆடி அசைந்து வரும் மெட்டு. திரையில் ஒரு மூஸ் (வடதேசத்துப் பெரிய மான்) ஆளில்லாத கடைத்தெருவில் அதே நிதானத்தில் நடந்துபோகும். தொலைக்காட்சியில் வருவது சுருக்கம். ஆல்பத்தில் மெட்டு நீண்டு விரிகிறது, அதனால் முதல் தடவை கேட்பவர்களுக்கு ‘இந்தப் பகுதி எங்கிருந்து வந்தது’ என்று தோன்றும்.

‘ஜொலி லூயிஸ்’ கேட்க உற்சாகமான பாட்டு. வார்த்தைகளைப் பின்தொடருங்கள்: பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசும் மில் தொழிலாளி ஒருவன், வேலை போய், குடியில் விழுந்து, மனைவியை அடித்து, கடைசியில் அவளையும் பிள்ளைகளையும் இழக்கிறான். மெட்டு ஒரு தடவைகூட முகம் வாடாது. பாடிய லான்வா கியூபெக்கில் பிறந்தவர், யூ2 குழுவின் ‘த ஜாஷுவா ட்ரீ’ ஆல்பத்தை பிரயன் ஈனோவுடன் சேர்ந்து தயாரித்தவர். இந்தப் பாட்டு அவருடைய 1989 ஆல்பமான ‘அகாடி’யில் உள்ளது. தொடரின் குணத்தை ஒரே பாட்டில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

‘ஹிப் ஹக்-ஹர்’ 1967இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் பதிவானது. பாடகர் கிடையாது. புக்கர் டி ஜோன்ஸின் ஆர்கனை விட்டுவிட்டு ஒரு தடவை ஸ்டீவ் கிராப்பரின் கிடாரை மட்டும் கேளுங்கள். எவ்வளவு குறைவாக வாசிக்கிறார், அதில் எவ்வளவு நடக்கிறது என்பது தெரியும்.

‘அட் லாஸ்ட்’ எட்டா ஜேம்ஸுக்காக எழுதிய பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். மேக் கார்டனும் ஹாரி வாரனும் 1941லேயே எழுதியது. 1942இல் கிளென் மில்லர் இசைக்குழு அதை வெற்றிப் பாட்டாக்கியது. எட்டா 1960இல் பாடிய பிறகு மற்றவையெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

‘டான் கிஷோத்’ இந்த ஆல்பத்தின் விசித்திரம். 1980களின் பிரெஞ்சு சிந்தசைசர் குழு ஸ்பானிஷில் பாடுகிறது. நடுவில் டெலிபோன் உரையாடல் வேறு: டான் கிஷோத்துடன் பேச வேண்டும் என்று கேட்டால், அவர் இங்கே இல்லை என்று பதில். பலர் தாண்டிவிடும் டிராக் இது. தாண்டாதீர்கள். இதன் இயந்திரத் துள்ளலுக்குப் பிறகு வருவதால்தான் நாட் கிங் கோலின் குரல் அவ்வளவு மிருதுவாக இறங்குகிறது. கோல் பாடும் அந்தப் பாட்டு சிக்மண்ட் ராம்பெர்க் மெட்டமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய 1930களின் சினிமாப் பாட்டு.

மிரியம் மகேபாவின் குரலுக்கு அறிமுகம் தேவையில்லை. தொடர் தொடங்கிய 1990தான், முப்பது ஆண்டு நாடு கடந்த வாழ்வுக்குப் பின் அவர் தென்னாப்பிரிக்கா திரும்பிய ஆண்டு.

பத்திலிருந்து பதினொன்றுக்கு ஆல்பம் தாவும் தாவல்தான் உச்சம். ‘கிம்மீ த்ரீ ஸ்டெப்ஸ்’ 1973இன் தெற்கத்தி ராக்: மதுக்கடையில் வேறொருத்தன் காதலியுடன் ஆடிக்கொண்டிருந்தவன், அவளுடைய ஆள் துப்பாக்கியோடு வந்து நிற்க, ‘வாசல் வரை மூன்று எட்டு முன்னால் போக விடு, போதும்’ என்று கெஞ்சுகிறான். அது முடிந்ததும் பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியிலிருந்து ஓர் இடையர் பாட்டு, ‘பைலேரோ’. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மேய்ப்பனைக் கூவி அழைக்கும் நாட்டுப்புறப் பாட்டை ஜோசஃப் கான்தலூப் ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தார். மொழி ஆக்ஸிடன். பாடும் வான் ஸ்டாட் அமெரிக்க மெஸ்ஸோ சொப்ரானோ, அதாவது நடுத்தரப் பெண்குரல் பாடகி. இரண்டு டிராக்கிலும் ஒருவர் தன்னிடமிருந்து விலகி நிற்கும் இன்னொருவரை நோக்கிக் குரல் கொடுக்கிறார் என்பதைக் கவனித்தால், இந்த அடுக்கு எவ்வளவு யோசித்துச் செய்தது என்று புரியும்.

டேவிட் ஷ்வார்ட்ஸ் வேறு எதற்கு இசையமைத்தார்?

‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’, ‘த குட் பிளேஸ்’ ஆகிய நகைச்சுவைத் தொடர்களுக்கும், ‘டெட்வுட்’ தொடரின் டைட்டிலுக்கும். நார்தர்ன் எக்ஸ்போஷரின் மெட்டு பிடித்திருந்தால் அடுத்து ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ இசை ஆல்பத்துக்குப் போங்கள், அது 2013இல் வெளிவந்தது.

தொடரில் கேட்ட பாட்டு ஆல்பத்தில் இல்லையே, ஏன்?

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் இசைப் பதிப்பாளரிடம். பாடி ஒலிப்பதிவு செய்த மாஸ்டர் இசைத்தட்டு நிறுவனத்திடம். காட்சியோடு சேர்க்க இரண்டு பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஆல்பத்தில் போடுவது அதற்கு அப்பால் இன்னொரு ஒப்பந்தம். 110 அத்தியாயத்தில் ஓடிய அத்தனை பாட்டுக்கும் இதைச் செய்வது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது.

12 டிராக்கையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் கணக்கு தெரியும். தொடரைத் தயாரித்தது யுனிவர்சல் டெலிவிஷன். எம்சிஏ அதே குடும்பம். ஷ்வார்ட்ஸின் மூன்று டிராக்கும் தொடருக்கென்றே உருவானவை. லினர்ட் ஸ்கினர்ட் எம்சிஏவின் சொந்தக் குழு. எட்டா ஜேம்ஸ் பாடிய செஸ், ஆர்கோ லேபிள்களின் பழைய பதிவுகளை எம்சிஏ 1980களிலேயே வாங்கியிருந்தது. அதாவது, 12இல் 5 வீட்டுக்குள்ளேயே கிடைத்தவை. நாட் கிங் கோல் கேபிடல் நிறுவனத்தின் பாடகர். 1967இன் ஸ்டாக்ஸ் பதிவு அட்லாண்டிக் நிறுவனத்திடம் இருந்தது. அவற்றையெல்லாம் வெளியே போய்க் கேட்டு வாங்க வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்தப் பெட்டகத்திலிருந்து ஏறக்குறையப் பாதியை எடுத்தும் ஆல்பம் சோம்பல் தட்டவில்லை என்பதுதான் தொகுத்தவர்களின் திறமை.

கடைசி அத்தியாயம் முடியும்போது வரும் பாட்டு எது?

ஐரிஸ் டிமென்ட் பாடிய ‘அவர் டவுன்’. 1992இல் வந்த அவருடைய ‘இன்ஃபமஸ் ஏஞ்சல்’ ஆல்பத்தில் இருக்கிறது. தொடரின் இரண்டு ஆல்பங்களும் அந்த அத்தியாயத்துக்கு முன்பே வந்துவிட்டவை, ஆகவே அவற்றில் தேடாதீர்கள்.

பியானோவைக் கவண்பொறியில் வைத்து வீசும் காட்சியில் வருவது?

ஜோஹான் ஸ்ட்ராஸின் ‘புளூ டான்யூப்’. மூன்றாம் சீசன். கிறிஸ் முதலில் வீச நினைத்தது ஒரு பசுமாட்டை. ‘அதை ஏற்கெனவே மான்டி பைத்தான் (பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு) செய்துவிட்டார்கள்’ என்று ஊரின் சினிமாப் பித்தர் எட் சொன்னதும் மனம் உடைந்து, பிறகு பியானோவுக்கு மாறுகிறார். இதுவும் ஆல்பத்தில் இல்லை.

டிவிடியில் பார்த்தேன், பாட்டுகள் வேறு மாதிரி இருந்தன. என் நினைவு தப்பா?

தப்பில்லை. 1990களில் தொலைக்காட்சிக்கென்று வாங்கிய அனுமதி, வீட்டில் வைத்துப் பார்க்கும் வெளியீடுகளுக்குத் தானாகச் செல்லாது. 2004இல் டிவிடி வரத் தொடங்கியபோது ஒவ்வொரு பாட்டுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க, குறிப்பாகப் பிந்தைய சீசன்களில், பல பாட்டுகளை எடுத்துவிட்டு யாருக்கும் தெரியாத மலிவான இசையை வைத்தார்கள். மற்றத் தொடர்களில் இது சின்ன நஷ்டம். இங்கே கிறிஸ் தேர்ந்தெடுத்த பாட்டே அவருடைய அடுத்த வசனம் மாதிரி. அதைப் பிடுங்கினால் காட்சி ஊமையாகிறது.

கையில் இருக்கும் பதிப்பைச் சோதிக்க எளிய வழி: ரேடியோ நிலையமோ த பிரிக்கோ வரும் காட்சியில், பேச்சு ஓய்ந்து பாட்டு மேலெழும் 10, 15 நொடிகளில் போனில் ஷஸாம் போன்ற செயலியைக் காட்டுங்கள். பிரபலப் பாடகர் பெயர் வந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். செயலி திரும்பத் திரும்பத் திணறினாலும், வரிகளே இல்லாத பொதுவான இசையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இதற்குப் பியானோ காட்சியைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்ட்ராஸின் இசைக்கு எழுத்துரிமை காலாவதியாகிவிட்டது, பதிவுக்கு மட்டும் அனுமதி போதும் என்பதால் அது எல்லாப் பதிப்பிலும் தப்பிப் பிழைக்கக்கூடியது. அதை வைத்து மற்றதைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாம் ஆல்பம் வாங்கலாமா?

முதலாவதை முழுதாகப் பழகிய பிறகு. 1994இல் வந்த ‘மோர் மியூசிக் ஃப்ரம் நார்தர்ன் எக்ஸ்போஷர்’ அது. பாப் மார்லி எழுதி ஜானி நாஷ் பாடிய ‘ஸ்டிர் இட் அப்’, பிரயன் ஈனோவும் ஜான் கேலும் சேர்ந்து செய்த ‘லே மை லவ்’, ரூத் பிரவுனின் ‘மாம்போ பேபி’, பேஸின் பிரதர்ஸின் கேஜன் (லூசியானாவின் பிரெஞ்சு வழி நாட்டுப்புற இசை) பாட்டு என்று நல்ல சரக்கு இருக்கிறது. ஆனால் முதல் ஆல்பத்தின் தாவல்களில் இருக்கும் துணிச்சல் இதில் குறைவு.

பழைய சிடி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவரிடம் சிடியின் இரு பக்கமும், பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் படம் கேளுங்கள். எல்லோரும் அடிப்பக்கக் கீறலைத்தான் பார்ப்பார்கள். ஆபத்து மேல்பக்கத்தில். தகவல் இருக்கும் உலோகப் படலம் அச்சிட்ட பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் உள்ளது. அங்கே ஆழக் கீறல் விழுந்தால் தகவலே போய்விடும். மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது. வெளிச்சத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்தில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் சிறு கீறலை பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். வட்டமாக ஓடும் கீறல்தான் தொல்லை, ஒரே இடத்தில் தொடர்ச்சியாகத் தகவலை அழிக்கிறது. துடைக்கும்போதும் இதே நியாயம்: மையத்திலிருந்து வெளியே நேராக, வட்டமாக ஒருபோதும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், சிடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மெல்லிய உறையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வழியில் பெட்டியின் நடுப்பற்கள் உடைந்து, அந்தத் துண்டுகள் சிடியோடு உருண்டு கீறிவிடுவது வழக்கமாக நடப்பது. பெட்டி எங்கேயும் கிடைக்கும், உள்ளே இருக்கும் தாளும் தட்டும்தான் முக்கியம்.

கணினிக்கு மாற்றினால் ஆல்பம் பத்துத் துண்டாக உடைகிறதே?

இதில் 10 கலைஞர்கள். பிளேயர் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆல்பம் உண்டாக்கிவிடுகிறது. ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் அந்தந்தப் பாடகர் பெயரையும், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் 12 டிராக்குக்கும் ஒரே மாதிரி ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்றும் இடுங்கள். ஒரு டிராக்கில் எழுத்துப் பிசகினாலும் அது தனியாகப் போய் நிற்கும். ‘கம்பைலேஷன்’ குறி இருந்தால் அதையும் போடுங்கள். டிராக் எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாக வைத்தால் சில பழைய கார் பிளேயர்களில் 10ஆம் பாட்டு இரண்டாவதுக்கு முன் வராது.

மாற்றுவதற்கு விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டுமே சந்தேகமான இடத்தைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். சிடி ஒலி அப்படியே நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், ஃப்ளாக்கில் ஏறக்குறையப் பாதியாகும், தரம் குறையாது.

சிடி கிடைக்கவில்லை. ஸ்ட்ரீமிங்கில் நானே பட்டியல் கட்டலாமா?

கட்டலாம். பொறி எங்கே இருக்கிறது என்றால், ஒரே பாடகர் ஒரே பாட்டைப் பல தடவை பதிவு செய்திருப்பது. ‘அட் லாஸ்ட்’டுக்கு எட்டாவின் மேடைப் பதிவுகள் நிறைய உண்டு, 1960இன் பதிவு சுமார் 3 நிமிடம், வயலின் கூட்டத்தோடு தொடங்கும். ‘கிம்மீ த்ரீ ஸ்டெப்ஸ்’ லினர்ட் ஸ்கினர்டின் முதல் ஆல்பத்தில் உள்ளது சுமார் நாலரை நிமிடம். கூட்டத்தின் கைதட்டல் கேட்டால் அது வேறு. மகேபாவைத் தேடும்போது மறுபாடல்களும் பிறர் பாடியதும் சேர்ந்தே வரும். ‘பைலேரோ’வைப் பாடாத சொப்ரானோ பாடகி இல்லை, வான் ஸ்டாட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டான் கிஷோத்’துக்கு டிஸ்கோ கிளப்புகளுக்கான நீண்ட மிக்ஸ் உண்டு. இந்த வரிசைக்கு அது வேண்டாம், நடுவில் கனம் கூடி ஆல்பம் சாய்ந்துவிடும். குறுகியதைப் போடுங்கள்.

ஷ்வார்ட்ஸின் துண்டுகளில் ஏதாவது கிடைக்காவிட்டால் வேறு இசையால் நிரப்பாதீர்கள். இடம் காலியாக இருக்கட்டும்.

‘பைலேரோ’ வந்ததும் சத்தமே கேட்கவில்லை. ஒலியைச் சமப்படுத்தலாமா?

அந்தப் பதிவு மெல்லத் தொடங்கி மெல்லவே நிற்பது. அதற்கு முன்னால் மூன்று கிடார் ராக் குழு முழங்கி முடித்திருக்கிறது. வீட்டில் கேட்டால் ஒலியைத் தொடாதீர்கள், ஓரிரு நொடியில் காது பழகும். காரிலோ பஸ்ஸிலோ என்றால் எஞ்சின் சத்தம் பாட்டின் முதல் நிமிடத்தை விழுங்கிவிடும், அங்கே சமப்படுத்தியே ஆக வேண்டும்.

சொந்தக் கோப்புகளில் ரீப்ளே கெயின் (ஒலியைச் சமப்படுத்த உதவும் குறிப்பு) இருந்தால் இரண்டு முறை கிடைக்கும். ஆல்பம் முறை, டிராக்குகளுக்கு இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டு மொத்தத்தையும் ஒரே அளவு கூட்டும் அல்லது குறைக்கும், வீட்டுக்கு இது. டிராக் முறை ஒவ்வொன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும், பயணத்துக்கு இது. ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாக வரிசையில் ஓடும்போது முதல் முறையும், நீங்கள் கட்டிய பட்டியலிலோ ஷஃபிளிலோ ஓடும்போது இரண்டாவதும் தானாக நடக்கும். ஆகவே சொந்தப் பட்டியலில் மேய்ப்பனின் கூவல் ராக் குழுவுக்குச் சமமான சத்தத்தில் வந்து நின்றால், அமைப்புகளில் ஒலிச் சமப்படுத்தலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஷஃபிளையும் அப்படியே அணைத்துவிடுங்கள்.